இவரை வெட்டலாம்

உடற்பயிற்சி ஆசிரியருக்கு விசில் இல்லாமல் எந்த வேலையும் ஓடாது. ஞாயிறு காலை அடுக்களையில் விசில் ஊதினார். ஏழு வயதுப் பெரியவளும் நாலு வயதுச் சின்னவளும் வந்து வரிசையில் நின்றார்கள்.

சின்னவளுக்கு ரொட்டி மட்டும்தான் இறங்கும். காயைக் கண்டால் வாய்க்குப் பூட்டு. பிள்ளையைச் சாப்பிட வைக்கத் துப்பில்லை என்று ஆறு மாதமாக மனைவியிடம் வாய் கிழியப் பேசிவந்தார். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், அளந்துதான் பேசுவாள். இன்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்.

"ஒரு மணிக்கு வருவேன். நான் பாக்க அவ ஒரு துண்டு காய் திங்கணும். இல்லைன்னா இனிமே சாப்பாட்டைப் பத்தி நீங்க மூச்சு விடக் கூடாது."

தானே பொறுக்கி, தானே சமைத்ததைப் பிள்ளை தின்றே தீரும் என்பது அவர் கணக்கு. தெருமுனையில் ஒருத்தி தன் கொல்லையில் விளைந்ததைப் பரப்பியிருந்தாள். மண் உதிராத கேரட் இரண்டு, ஒரு பீட்ரூட், ஐந்து பீன்ஸ், மூன்று தக்காளி, ஒரு கத்தரிக்காய் என்று பிள்ளைகளே எடுத்தார்கள். சூப் வைப்பதாக ஏற்பாடு.

கழுவும்போது குழாய்க்கு அடிதடி. சண்டையை அடக்கப் பள்ளியில் செய்வதையே செய்தார். காய்களை உயரப்படி மேசையில் அடுக்கி, ஆளுக்கொரு பெயர் வைத்து வருகைப்பதிவு எடுக்கச் சொன்னார். அங்கேதான் கெட்டது காரியம். கேரட்டுகளை நெட்டையன், கோணவாயன் என்றும் பீட்ரூட்டைக் குண்டம்மா என்றும் பெரியவள் கூப்பிடக் கூப்பிட, சின்னவள் கீச்சுக் குரலில் ஒவ்வொருவருக்காகவும் "உள்ளேன் ஐயா" சொன்னாள்.

அவர் கத்தியை எடுத்தார்.

"நெட்டையனை வெட்டாதீங்கப்பா. இப்பதானே குளிச்சான்" என்றாள் சின்னவள்.

குண்டம்மாவுக்குக் காய்ச்சல். பீன்ஸ் ஐவரும் அண்ணன் தம்பிகள், பிரிக்கக் கூடாது. தக்காளிகளில் ஒன்று கைக்குழந்தை. விசில் ஊதிப் பார்த்தார், பயனில்லை. யாரும் பார்க்காதபோது கோணவாயனை எடுத்தார். அவன் "உள்ளேன் ஐயா" சொன்னது காதில் கேட்டது. வைத்துவிட்டார்.

மணி பன்னிரண்டரை. வெட்டத்தக்க ஆள் யாராவது உண்டா என்று கெஞ்சினார். அக்காவும் தங்கையும் குசுகுசுவென்று பேசினார்கள். சின்னவள் கத்தரிக்காயைக் காட்டினாள்.

"இவரை வெட்டலாம்."

"இவர் யாரு?"

"அப்பா."

தலையில் பச்சைத் தொப்பி. கீழே தொப்பை. மறுக்க வழியில்லை.

"அப்பாவுக்கு எதுவுமே உறைக்காதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்று பெரியவள் தேற்றினாள்.

தன்னைத் தானே வட்டம் வட்டமாக நறுக்கினார். பெரியவள் பூண்டு உரித்தாள். சின்னவள் கை நிறைய உப்பை அள்ளினாள், பாதியைப் பிடுங்கவேண்டியிருந்தது. சூப்புக்கு ஆள் போதாது, வறுவல்தான். எண்ணெயில் இரண்டு பக்கமும் சிவந்தது.

மனைவி வந்தபோது சின்னவள் நாற்காலியில் முட்டி போட்டு மென்றுகொண்டிருந்தாள். ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு வெற்றித் தூண்போல் நின்றார்.

"என்னடி திங்கற?"

"அப்பாவை."

மனைவி அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்படி இருக்கார்?"

சின்னவள் யோசித்து மென்றாள். "கொஞ்சம் கசக்கறார். பரவாயில்ல."

மனைவி கை கழுவிவிட்டு உட்கார்ந்தாள். தனக்கும் இரண்டு துண்டு வைக்கச் சொன்னாள்.

மேசையில் மற்ற பதினோரு பேரும் வரிசை கலையாமல் இருந்தார்கள்.