நஸீறா வாங்கிய கசட்

கிட்ட வந்து இருங்க மக்காள், ஒரு களவின் கதை சொல்றேன். பூட்டு உடையாத களவு. ஊரே கூடிச் செய்த களவு.

எண்பத்திரண்டாம் ஆண்டு நோன்பு மாதம். கல்முனைக் கடைத்தெருவில் நஸீறா கோழி வாங்க நின்றாள். "அறுத்தது ஆரு? பிஸ்மி சொல்லித்தானே அறுத்தீங்க?" திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"செத்த பிறகு கபுறுக்குழியில கேக்கிற கேள்விக்கே இவ்வளவு பதில் தேவைப்படாது ராத்தா" என்றார் கோழிக்காரர்.

பக்கத்தில் ஜவுபர் ஹாஜியாரின் றெக்கோடிங் கடை. அங்கே அபுல் ஹஸன் பாடிய நோன்புப் பாட்டுக் கசட் பாதி விலைக்குக் கிடந்தது. அபுல் ஹஸன் நஸீறாவின் அடுத்த வீட்டுக்காரன். நம்மட ஆள் பாடினது என்ற பெருமையில் இரண்டு வாங்கினாள், தங்கச்சிக்கும் சேர்த்து. இங்கே அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, கசட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டு, கஞ்சிச் சட்டியோடு வேலியடிக்குப் போனாள். அபுல் ஹஸனின் பெண்சாதி றபீக்கா வந்தாள். சட்டியை வாங்கக் கை நீளவில்லை.

"கேக்குதா புள்ள, ஒண்ட மாப்பிள்ளையிட குரல்?"

"கேக்குது ராத்தா. எல்லா வீட்டிலயும் கேக்குது. அதாலதான் அவர் சவூதிக்கு லொறி ஓட்டப் போறார்."

"என்ன புள்ள கதைக்கிறாய்?"

"கொழும்புல பதிஞ்ச கசட்டெல்லாம் பெட்டி பெட்டியாக் கட்டிலுக்குக் கீழ கிடக்கு. ஹாஜியார் ஒண்டே ஒண்ட வாங்கி, அதை வச்சுப் பதிஞ்சு பதிஞ்சு விக்கிறார். விக்காத ஆளுக்கு அடுத்த கசட் எதுக்கெண்டு கம்பனிக்காரன் கைய விரிச்சிட்டான்."

நஸீறாவுக்கு முகமெல்லாம் சுட்டது. வீட்டுக்குள் போய்ப் பாட்டை நிறுத்தினாள். இரண்டு கசட்டையும் எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு நடந்தாள். நோன்பு திறக்கச் சாமான் வாங்க வந்த சனம் தெருவை அடைத்து நின்றது.

"ஹாஜியார், இத ஆரிட்டக் கேட்டுப் பதிஞ்சீங்க?"

"காத்துல போற பாட்டுக்கு ஆரிட்டக் கேக்கிற? அவன்ட பேர ஊரெல்லாம் பரப்புறதே நான்தான்."

"காத்துல போறதெண்டா சும்மா தாங்களன். காசு ஏன் வாங்குறீங்க?"

யாரோ சிரித்தார்கள். ஹாஜியாருக்குக் கோபம் ஏறியது. "களவெண்டா நீங்க ஏன் வாங்கினீங்க? அதுவும் ரெண்டு."

நஸீறா சனத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஓம், வாங்கினேன். கோழி அறுத்த கைய விசாரிச்ச நான், பாடின மனிசனுக்கு என்ன கிடைச்சதெண்டு விசாரிக்கல்ல. இவர் களவெடுத்தார், நாம மலிவெண்டு பங்கு போட்டம். வாங்க ஆளிருக்கிற மட்டும் இந்தக் களவு நிக்காது. ஹறாம் வாயால மட்டுமா உள்ள போகும்? காதாலயும் போகும்."

கசட்டுகளை மேசையில் எறிந்துவிட்டு வந்தாள். அன்றைக்குச் சிலர் வெட்கப்பட்டு றபீக்கா வீட்டுக்குப் போய் அசல் கசட் வாங்கினார்கள். பிந்திய வெட்கம் யாருக்கு உதவும்? பெருநாள் கழிய அபுல் ஹஸன் போய்விட்டான். ஊருக்குப் பாடிய வாய் பாலைவனத்தில் லொறிக்கு வழி கேட்கிறது.

உங்கட வீட்டு அடுப்பில ஹலாலான சோறு கொதிக்கட்டும் மக்காள். உங்கட வீட்டில பாடுற புள்ள பிறந்தா, அந்தப் புள்ளைக்கு அதன் பாட்டே சோறு போடட்டும். ஆமீன்.