கொக்கியின் இடுப்புப் பட்டை

உதவித்தொகை ஆபீஸில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "அதான் மனுஷங்க பார்த்தாச்சுன்னு சொல்றேனே ஐயா" என்று மறுபடியும் சொன்னபோது கொக்கி தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கழுத்து மட்டும் திரும்பாது. முழு உடம்பும் திரும்பியாக வேண்டும்.

குடோனில் மூட்டை தூக்கியவர். இரும்புக் கொக்கியால் குத்தி மூட்டையைத் தோளுக்கு ஏற்றுகிற வேகத்தில் வந்த பெயர். மூட்டை அடுக்கு சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து குனிய முடியாது. செருப்பை மனைவிதான் மாட்டிவிடுகிறாள். ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மனு போட்டபோது அரசாங்க கேமரா முன்னால் நடந்து காட்டச் சொன்னார்கள். நாலு பேர் பார்க்கிற இடமாயிற்றே என்று இவர் சவரம் செய்து, சட்டைக்குள் சுமைக்காரர்கள் இடுப்பில் கட்டும் தோல்பட்டையை மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நிமிர்ந்து நடந்தார். வேலை செய்யத் தகுதியுள்ளவர் என்று, அந்த வீடியோவைப் பார்த்து முடிவு சொல்கிற மெஷின் மனுவைத் தள்ளிவிட்டது.

"உன்னை யாருய்யா அங்க போய் மிடுக்கு காட்டச் சொன்னது? மாப்பிள்ளை பார்க்கவா வந்திருந்தாங்க?" என்று அவள் ஏசாத நாளில்லை.

பிறகுதான் அந்தப் புதுச் சட்டம் வந்தது. மெஷின் மறுத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு மறுப்பையும் ஒரு மனிதர் பார்க்க வேண்டுமாம். மனிதர் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்பித்தான் இருந்தார்கள். அதற்கும் மறுப்பே வந்தது. பார்த்த மனிதர் யாரென்று கேட்கத்தான் இன்று பஸ் ஏறினார்கள். குலுக்கலுக்குப் பயந்து அவர் இன்றும் பட்டையைக் கட்டியிருந்தார்.

பார்த்தது இந்தப் பெண்தான். மெஷின் எழுதியதைத் திரையில் படிப்பதுதான் பார்ப்பது. ஒத்துக்கொண்டால் ஒரு பட்டன். மாட்டேன் என்றால் காரணம் எழுதி, மேலே இருப்பவர்கள் கூப்பிடும்போதெல்லாம் போய் நிற்க வேண்டும். ஆளைப் பார்க்கச் சொல்லிச் சட்டத்தில் இல்லை என்றாள். ஒளிக்காமல்தான் சொன்னாள். அதுதான் கொக்கியின் மனைவிக்கு எரிந்தது.

"இப்ப முன்னாலதானே நிக்கிறாரு. பாரு."

"நான் பார்த்து என்னக்கா ஆகப்போகுது? வீடியோல நல்லாத்தானே நடக்கிறாரு."

"மெஷினுக்குத்தான் கண்ணு இல்ல. உனக்குமா அவிஞ்சு போச்சு?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. காவலாளியைக் கண்ணால் கூப்பிட்டாள்.

கொக்கி சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். பட்டையின் வாரை உருவினார். கட்டு அவிழ்ந்த மூட்டை மாதிரி உடம்பு ஒருபக்கமாகச் சரிய, மனைவி தோளைக் கொடுத்தாள். பட்டையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார்.

"உன் மெஷின் பார்த்தது இதைத்தாம்மா."

காவலாளி பாதி வழியில் நின்றுவிட்டான். அந்தப் பெண்ணின் விரல் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடும் பட்டன்மேல் இருந்தது, அமுக்கவுமில்லை, எடுக்கவுமில்லை. வருஷக்கணக்கில் வேர்வை குடித்து விறைத்த அந்தத் தோல், அவர் இடுப்பின் வளைவு குலையாமல், யார் தயவும் இல்லாமல் நிமிர்ந்து நின்றது.