இருபத்தொரு பற்கள்

செல்வரட்ணம் இறைச்சிக் கத்தியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்து, அதன் விளிம்பை நகத்தால் ஒருமுறை தடவிக் காட்டினார்.

"இதுக்கு ஏன் பல்லு வைச்சிருக்கிறாங்கள் எண்டு சொல்லுங்கோ பாப்பம், தம்பியவை."

எதிரே இருந்த இருவரில் அன்புராசாதான் வாயைத் திறந்தான். "கடிக்கத்தான் அங்கிள்."

செல்வரட்ணம் மேசை குலுங்கச் சிரித்தார். பிறகு விளக்கினார். பல் இல்லாத கத்தி பீங்கான் தட்டில் உரசியதும் அதன் கூர் முழுக்க ஒரேயடியாக மழுங்கிப்போகும். பல்லுள்ள கத்தியில் தட்டைத் தொடுவது பற்களின் நுனிகள் மட்டும்தான். நுனிக்கும் நுனிக்கும் இடையிலுள்ள வளைவுகள் எதிலும் படாமல் உள்ளே ஒதுங்கியிருப்பதால் வருடக்கணக்கில் கூராகவே கிடக்கும். வெட்டுவது அந்த வளைவுகள்தான், நுனிகள் அல்ல. ஆகவே அழுத்தக்கூடாது, இழுக்க வேண்டும். இழுத்துக் காட்டினார். சாப்பிட்டு முடிந்தால் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைக்க வேண்டும் என்றும், அதைக் கண்டால் பரிமாறுகிறவர்கள் ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றும் சொன்னார். மற்றவன், வீரக்குட்டி, தன் முன்னால் கிடந்த கத்தியையும் முள்ளையும் வெறும் மேசையிலேயே ஒருமுறை அப்படி வைத்துப் பார்த்தான்.

"அவ்வளவுதான். சரியான கெட்டிக்காரன்" என்றார் செல்வரட்ணம்.

அவர் கனடாவுக்கு வந்து பதினேழு வருடங்களாகிவிட்டன. மின்தூக்கிகளைப் பரிசோதிப்பது வேலை. எங்காவது தூக்கியில் விபத்து நடந்தால், அது எப்படி நடந்தது என்று அறிக்கை எழுதுகிறவரும் அவர்தான். கம்பி அறுந்தால் பெட்டி நேரே கீழே போய் விழும் என்றுதான் சனம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி இல்லை. பெட்டி அளவுக்கு மீறி வேகமெடுத்ததும் அதன் அடியிலுள்ள ஆப்புகள் இரண்டு பக்கத் தண்டவாளங்களையும் கவ்விப் பிடிக்கும். பெட்டி எவ்வளவு பாரமாக இறங்கப் பார்க்கிறதோ அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் அவருக்கு அலுக்காது. மனிதனுக்குப் பயம் வருவது பொருட்கள் எப்படி இயங்குகின்றன என்று தெரியாததால்தான், தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை.

எண்பத்துமூன்று ஜூலையில் மிசிசாகா வீட்டு வரவேற்பறையில் இருந்து கொழும்பு எரிவதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு, அவரும் மனைவி புனிதவதியும் மூன்று நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகுதான் இது தொடங்கியது. நகரத்தின் பார்க்டேல் பகுதியில் அகதிப் பொடியன்கள் வந்து இறங்க இறங்க, காரின் பின்பெட்டி நிறையப் பழைய குளிர் கோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அவர்களில் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து இந்தக் கிரேக்கரின் கடையில், மூலை மேசையில், நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுப்பார். வெள்ளைத்துணி விரித்த மேசையில் கூச்சப்படாமல் இருந்து சாப்பிடத் தெரிந்தவன் இந்த நாட்டில் எங்கேயும் போய் நிற்கலாம் என்பார். முப்பது பேருக்கு மேல் அந்த மேசையில் இருந்து போயிருக்கிறார்கள்.

எப்போதும் ஒருவன்தான். இன்றைக்கு இரண்டு பேர். அன்புராசா யாழ்ப்பாணத்துப் பொடியன், வந்து எட்டு மாதம், ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான், வாய் ஓயாதவன். வீரக்குட்டி மட்டக்களப்பு, போன மாதம்தான் வந்தான். அடித்தளத்து அறையில் தனியாக இருக்கிறான், ஒருவரோடும் கதைப்பதில்லை. ஏப்ரலில் அவனுக்குக் குடிவரவு விசாரணை. செல்வரட்ணம்தான் கூடப் போவதாக இருந்தது. இரண்டையும் ஒரு அறையில் சேர்த்துவிட்டால் இவனுக்குப் பேச்சுத்துணையாகவும் அவனுக்கு வாடகை பாதியாகவும் இருக்குமென்று கணக்குப் போட்டிருந்தார். காலையில் புனிதவதி கேட்டாள், "ரெண்டு பேரையும் பற்றி ஆரிட்டையாவது விசாரிச்சனீங்களே?"

"என்னத்தை விசாரிக்கிறது? ரெண்டும் எங்கட பொடியள்."

பார்க்டேலில் எந்த வீட்டிலும், புதிதாக ஒருவனை அறையில் சேர்க்குமுன், அவன் ஊரில் எந்த ஆயுத இயக்கத்தோடு நின்றவன் என்று மூன்றாம் ஆளைக் கொண்டு மெல்ல விசாரித்துவிடுவார்கள். இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. செல்வரட்ணம் அதைப் பத்திரிகையில் படித்துத்தான் இருந்தார். ஆனால் மிசிசாகாவில் இருந்து பார்க்கும்போது, ஓடிவந்த எல்லாரும் ஒரே நெருப்பிலிருந்து ஓடிவந்தவர்களாகவே அவருக்குத் தெரிந்தார்கள்.

கிளடிஸ் ஆட்டு விலாத் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஜமேக்காக்காரி, அந்த மேசைக்கு மூன்றரை வருடமாக அவள்தான் பரிமாறுகிறாள். மூன்று ஜிஞ்சர் பியர் போத்தல்களையும் மூடி திறக்காமலே வைத்தாள். மூடி திறப்பதும் ஒரு பாடம் என்பது அவளுக்குத் தெரியும். கண்களை உருட்டிக்கொண்டு போனாள்.

"இந்த மூடியில எத்தினை பல்லு எண்டு நினைக்கிறியள்? உலகத்தில எங்க போனாலும் இருபத்தொண்டுதான்" என்று தொடங்கினார் செல்வரட்ணம். "ஒரு பல்லைத் தூக்கினால் மற்றதுகள் பிடியை விட்டிடும். இது நெம்புகோல். இப்ப பாருங்கோ..."

"அங்கிள், இதுக்கெல்லாம் படிக்கவேணுமே?" அன்புராசா போத்தலைக் கடைவாயில் வைத்து ஒரு கடி கடித்தான். 'டிக்' என்றது. மூடியை உள்ளங்கையில் துப்பி, நாக்கால் ஒருமுறை உதட்டைத் தடவி, மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு தலையை அண்ணாந்து பாதிப் போத்தலை ஒரே மூச்சில் இறக்கினான்.

செல்வரட்ணம் சிரித்தார். வீரக்குட்டி சாப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தான்.

"மூடிய என்னத்துக்குப் பொக்கற்றுக்குள்ள போடுற?" என்று கேட்டான். அன்று அவன் பேசிய முதல் வசனம் அது.

"சின்னனில இருந்து பழக்கம். சேர்க்கிறனான்."

"போன வருசம் சித்திரையிலயும் சேர்த்தயா?"

அன்புராசா போத்தலைக் கீழே வைத்தான். கடைக்குள் தட்டுகள் மோதும் சத்தமும், யாரோ ஒரு குழந்தை கரண்டியால் மேசையைத் தட்டும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

"யாழ்ப்பாணத்தில எங்கட இயக்கத்தச் சுத்தி வளைச்சிட்டு, ஆயுதத்தப் போட்டுட்டு வாங்க, ஒண்டும் செய்யமாட்டம் எண்டு மைக்கில சொன்னீங்க" என்றான் வீரக்குட்டி. குரல் உயரவில்லை. கத்தியால் இறைச்சியை இழுத்து இழுத்து வெட்டிக்கொண்டே சொன்னான், செல்வரட்ணம் காட்டிக்கொடுத்தது போலவே. "எண்ட தம்பி குஞ்சித்தம்பி கையத் தூக்கிக்கொண்டு போனவன். பத்தொன்பது வயசு. நான் பக்கத்து வளவில, புகையிலைக் குடிலுக்குள்ள கிடந்தன். ஓட்டையால எல்லாம் தெரிஞ்ச. காலில சுட்டாங்க. விழுந்தான். ரயரப் போட்டுக் கொளுத்தினாங்க. அவனுக்குச் சீவன் இருந்த அங்கிள். நெருப்புக்குள்ள எழும்பி இருந்தவன். அந்த நேரம் ஊர்ச்சனம் பெட்டி பெட்டியாச் சோடா கொண்டுவந்து இவங்களுக்குக் குடுத்த. வெயிலுக்குள்ள நிக்கிற பொடியன்கள் எண்டு இரக்கப்பட்டுக் குடுத்த. நல்ல சனம், உங்களப் போல. இவன் மதிலில ஏறி இருந்து பல்லால திறந்து குடிச்சான். மூடியப் பொக்கற்றுக்குள்ள போட்டான்."

செல்வரட்ணத்தின் வாயில் ஒரு துண்டு இறைச்சி இருந்தது. அதை விழுங்குவதா துப்புவதா என்று தெரியவில்லை. "தம்பி" என்றார். "தம்பியவை, சாப்பாடு ஆறுது. முதல்ல சாப்பிடுங்கோ. ஆறுதலாக் கதைப்பம்."

"நான் சுடேல்லை" என்றான் அன்புராசா. முகம் வெளுத்திருந்தது. "என்னைக் காவலுக்குத்தான் விட்டவங்கள். நான் சும்மா மதிலில இருந்தனான்."

"ஓம். இருந்தனீ. குடிச்சனீ."

"வேற என்னடா செய்யச் சொல்லுறாய்? இறங்கி வந்து நானும் செத்திருக்கவேணுமோ? உங்கட ஆக்கள் மட்டும் திறமோ? எத்தினை வீட்டை உடைச்சனீங்கள், எத்தினை..."

குத்து என்றால் மேலிருந்து கீழே வருவது என்றுதான் செல்வரட்ணம் அதுவரைக்கும் நினைத்திருந்தார். இது மேசையின் உயரத்திலிருந்து, கையைச் சற்றும் ஓங்காமல், நேரே வந்தது. அன்புராசா கத்தியின் அலகை வெறுங்கையால் பிடித்தான். வீரக்குட்டி இழுத்தான். உள்ளங்கைக்குள்ளால் பற்கள் ஒவ்வொன்றாக ஓடி வெளியே வந்தன. நாற்காலி சரிந்தது. எழும்ப முயன்றவனின் இடது விலாவுக்குக் கீழே கத்தி இரண்டாம் முறை போனது. கெட்டித் துணியை யாரோ கிழிப்பது போல ஒரு சத்தம். ஒரு தட்டு விழுந்து உடைந்தது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பியபோது, ஒருவன் தரையில் கிடக்க, மேசைத்துணி அவனோடு இழுபட்டுப் போய்க்கொண்டிருந்ததைத்தான் கண்டார்கள்.

செல்வரட்ணம் எழும்பவில்லை. முப்பத்தாறாவது மாடியில் திறந்த மின்தூக்கித் துளையின் விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்க்கிற மனிதர் அவர். ஒருமுறை, பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கிய ஒரு தொழிலாளியின் நெஞ்சை அளவுநாடாவால் அளந்தும் இருக்கிறார். இப்போது நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

வீரக்குட்டி ஓடவில்லை. மீண்டும் தன் இடத்தில் அமர்ந்தான். எஞ்சியிருந்த தன் தட்டைச் சற்று முன்னுக்குத் தள்ளி, சிவந்த கத்தியையும் சுத்தமான முள்ளையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தான். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான்.

செல்வரட்ணம் ஒருவாறு முழங்காலில் இறங்கி, கைத்துண்டைத் திரட்டிக் காயத்தில் அழுத்தினார். சூடாக வந்துகொண்டேயிருந்தது. அன்புராசா அவருடைய கழுத்துப்பட்டியைப் பிடித்துத் தன் முகத்தருகே இழுத்தான்.

"சறுக்கி விழுந்தனான் எண்டு சொல்லுங்கோ அங்கிள்."

"பேசாமக் கிட."

"கத்தியோட எழும்பினனான், சறுக்கிப்போட்டுது. அப்பிடிச் சொல்லுங்கோ. நான் ஒரு இயக்கத்திலயும் இருக்கேல்லை எண்டுதான் அகதிக் கேஸில எழுதிக் குடுத்தனான். இவன் ஏன் குத்தினவன் எண்டு கேட்டால் எல்லாம் வெளிய வரும். ரெண்டு பேரையும் பிளேன் ஏத்திப்போடுவாங்கள். அங்க போனால் என்னை ஆமி கொல்லும், அவனை எங்கட ஆக்கள் கொல்லுவினம்." மூச்சு வாங்கினான். "உங்களுக்கு விளங்கப்படுத்தத் தெரியும்தானே."

கிளடிஸ் ஒரு கட்டுத் துணியோடு ஓடிவந்தாள். துணிகளைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தவள் மேசையைப் பார்த்தாள். வீரக்குட்டியைப் பார்த்தாள். தட்டில் அருகருகே படுத்திருந்த கத்தியையும் முள்ளையும் ஒரு கணம் பார்த்தாள். தட்டைக் கையிலெடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். உள்ளே பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவு மூடுவதும், தண்ணீர் பீச்சியடிக்கத் தொடங்குவதும் செல்வரட்ணத்துக்குக் கேட்டன. எத்தனை பாகை வெப்பத்தில் அது கழுவும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அம்புலன்ஸ்காரர் அன்புராசாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைப்பானா என்று கேட்டதற்கு ஒருவர் தோளைக் குலுக்கினார். பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். இளையவர் கதவடியில் நின்றார். நரைத்த மீசைக்காரர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்துகொண்டு, கத்தி எங்கே என்று முதலில் கிளடிஸைக் கேட்டார். முடித்துவைத்த தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன், என் வேலை அதுதானே என்றாள் அவள். அது நடந்தபோது எதைக் கண்டாய் என்று கேட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதாகச் சொன்னாள். பிறகு செல்வரட்ணத்தை நோக்கி முகவாயை அசைத்தாள்.

"அவரைக் கேளுங்கள். எது எப்படி நடக்கும் என்று அவர் எல்லாவற்றையும் விளக்குவார்."

மீசைக்காரர் திரும்பினார். வீரக்குட்டியும் தலையை உயர்த்தினான். அந்த முகத்தில் கெஞ்சல் இருக்கும் என்று செல்வரட்ணம் எதிர்பார்த்தார், ஒன்றும் இல்லை. தீர்ப்பைக் கேட்கக் காத்திருக்கிற முகமாகக்கூட இல்லை. எல்லாம் முடிந்து, யாராவது வந்து தட்டை எடுப்பார்கள் என்று இருக்கிறவனின் முகம்.

பதினேழு வருடங்களில் அவர் ஒரு பொய் அறிக்கை எழுதியதில்லை. சறுக்கி விழுகிறவன் கையை வெளியேதான் எறிவான், உள்ளே மடக்கமாட்டான். இதை அவரே ஒரு அறிக்கையில் எழுதி, ஒரு கொம்பனியின் கதையைப் பொய்யென்று நிறுவியிருக்கிறார். விலாவில் ஒரு காயம், உள்ளங்கையில் ஒரு காயம். இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே விழுகை வேண்டும். யோசிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மனம் அதைக் கட்டத் தொடங்கிவிட்டிருந்தது: நாற்காலிக் கால், பனிக்காலச் சப்பாத்துகள் கொண்டுவந்த சேற்றுத் தண்ணீர், மேசை விளிம்பின் உயரம், கைப்பிடி எதில் முட்டுப்பட்டிருக்கும், அலகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கும். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. நேரே வீரக்குட்டியைக் காட்டி இரண்டு சொல் சொன்னாலும் போதும். அதற்கு விளக்கம்கூடத் தேவையில்லை.

அவர் பக்கத்து மேசையில் இருந்து ஒரு சுத்தமான கத்தியை எடுத்தார். இளையவரின் கை இடுப்புக்குப் போனது. மீசைக்காரர் வேண்டாமென்று தடுத்தார். செல்வரட்ணம் நாற்காலி சரிந்த இடத்துக்குப் போய் நின்றார். காலுக்கடியில் ஏதோ மிதிபட்டது. குனிந்து பார்க்காமலே அது என்னவென்று தெரிந்தது. அன்புராசாவைத் தூக்கியபோது சட்டைப் பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். மூடி வாய் மேல்நோக்கிக் கிடந்தது. மெல்லிய ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்து. தோலை ஊடுருவி ஒவ்வொரு பல்லும் பாதத்தில் உறைத்தது.

அவர் காலை எடுக்கவில்லை. உடம்பின் பாரம் முழுவதையும் அந்தக் காலுக்கு மாற்றினார்.

"முதலாவது" என்றார் ஆங்கிலத்தில், எல்லா விளக்கங்களையும் தொடங்குகிற அதே நிதானமான குரலில், "தரை ஈரமாக இருந்தது."