நெவெனாவுக்குப் போன கேள்விக்குறிகள்

தொண்ணூற்றொன்பதில் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் என்னைவிடப் பெரிய கணினி மேதை கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். பூகம்ப ஆய்வுக்கூடம் ஒன்றில் கருவிகள் அனுப்பும் தரவைச் சேகரிப்பது என் வேலை. பாதி நாள் மின்னஞ்சல் நிரலைச் சீவிச் சிங்காரிப்பதிலேயே போய்விடும். அதில் படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மவுஸுக்கு வேலையே இல்லை. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும். அதன் அமைப்புக் கோப்பு முந்நூற்றுப் பதினோரு வரி, எல்லாம் நானே பார்த்துப் பார்த்து எழுதியது. தலைவரின் கடிதம் சாம்பல் நிறத்தில் மங்கித் தெரியும். விளம்பரம் கண்ணிலேயே படாது. வார்னா துறைமுகத்தில் கடல் மட்டம் அளக்கும் நெவெனாவின் கடிதம் மட்டும் மஞ்சளில் பளிச்சென்று மின்னும்.

பக்கத்து மேசை ஸப்ரியான் மவுஸைச் சொடுக்கிச் சொடுக்கிக் கடிதம் அனுப்புகிறவன். "எலி பிடிக்கிறவனே" என்றுதான் அவனைக் கூப்பிடுவேன்.

நெவெனாவை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை, பிளெவென் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில். அதன்பிறகு ஒரு வருடமாக எழுதிக்கொண்டிருந்தோம். முதலில் அலைகளின் உயரம், பிறகு வானிலை, பிறகு அவள் பூனைக்குப் பல் விழுந்த கதை. அப்போதெல்லாம் எங்கள் மொழியை ஆங்கில எழுத்தில்தான் அடிப்போம். அதில் இல்லாத ஒலிக்கு ஓர் எண்ணைச் செருகுவோம். 'ச்' வந்தால் 4, 'ஷ்' வந்தால் 6. பூனையின் பல்லுக்கு அது தாராளம். ஆனால் அந்த மார்ச்சில் நான் எழுத நினைத்தது வேறு. நேசிக்கிறேன் என்பதற்கு எங்கள் சொல் 'ஒபிச்சாம்'. அடித்துப் பார்த்தேன். 'obi4am' என்று லாரியின் நம்பர் பலகை மாதிரி நின்றது.

இந்தக் கடிதம் எங்கள் சொந்த எழுத்தான சிரிலிக்கில்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"என் கம்ப்யூட்டர்ல உக்காந்து அனுப்பிட்டுப் போடா. ரெண்டு நிமிஷ வேலை" என்றான் ஸப்ரியான்.

"எலி பிடிக்கிற வேலையெல்லாம் எனக்கு வேணாம்."

"உன் இஷ்டம். பொக்கை வாய் ஆனப்புறம் அனுப்பு."

மூன்று நாள் உட்கார்ந்தேன். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் அட்டவணையை மாற்றினேன். திரையின் எழுத்துருவை மாற்றினேன். வழியிலுள்ள பழைய கணினிகள் எழுத்தைச் சிதைக்காமலிருக்க, கடிதத்தை உறையில் பொதிந்து அனுப்பச் சொல்லும் வரி ஒன்றும் கோப்பில் இருந்தது. உறையெல்லாம் கோழைகளுக்கு என்று அதை அணைத்துவைத்தேன். பிறகு கடிதத்தை எனக்கே அனுப்பிச் சோதித்தேன். முத்து முத்தாக வந்தது. நாலு முறை அனுப்பி, நாலு முறையும் படித்து நானே உருகினேன். வெள்ளிக்கிழமை காலை அதை நெவெனாவுக்கு அனுப்பிவைத்தேன்.

திங்களன்று திரையில் மஞ்சள் வரி வந்தது. வழக்கம்போல ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள்:

"ஒக்னியான், நீங்க அனுப்பினதுல ரெண்டு பக்கத்துக்கு வெறும் கேள்விக்குறிதான் இருக்கு. எதுக்கு முதல்ல பதில் சொல்றது? ஏதோ அவசரத் தரவுன்னு நினைச்சு எங்க தலைவர் ஸ்டமாத்கிட்ட குடுத்துட்டேன். பென்சிலும் கையுமா உக்காந்திருக்கார்."

நான் எனக்கே அனுப்பிய கடிதம் எங்கள் கட்டடத்தை விட்டு வெளியே போகவேயில்லை என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வார்னாவுக்குப் போகும் வழியில் ஏதோ ஒரு கிழட்டுக் கணினி, உறையில்லாத என் காதலை எழுத்து எழுத்தாகக் கேள்விக்குறியாக்கிவிட்டது. அப்படி மாறியதை யாராலும் மீட்க முடியாது என்பது ஒன்றே ஆறுதல். ஸ்டமாத்துக்குப் பென்சில் தேய்ந்ததுதான் மிச்சம்.

மாலைக்குள் சரிசெய்கிறேன் என்று அவளுக்கு வீறாப்பாக எழுதினேன். செவ்வாய்க்கிழமை உறையோடு மறுபடி அனுப்பியதில் கேள்விக்குறி போய், உறையைப் பிரிக்கத் தெரியாத அவள் கணினியில் பக்கம் முழுக்கச் சமக்குறிகளும் எண்களும் நிரம்பின. ஸப்ரியான் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் மவுஸை இரண்டு முறை சொடுக்கிக் காட்டினான். வாயால் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

புதன் மதியம் அறையின் தொலைபேசி அடித்தது. அவன்தான் எடுத்தான்.

"டேய், மஞ்சள் கலர் பேசுது."

வாங்கிக் காதில் வைத்தேன்.

"அது என்ன தரவு, ஒக்னியான்?" என்றாள் நெவெனா.

"தரவு இல்லீங்க. கடிதம்."

"அப்போ படிச்சுக் காட்டுங்க."

"இப்பவேவா?"

"ஏன், அதுக்கும் ஏதாவது செட்டிங்ஸ் மாத்தணுமா?"

ஸப்ரியான் பானித்சா என்ற சீஸ் பேஸ்ட்ரியைக் கடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே போடா என்று கையைக் காட்டினேன். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான். வேறு வழியில்லாமல் திரையைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். எழுதும்போது இனித்த வாக்கியங்கள் வாயில் மரத்தூள் மாதிரி இருந்தன. "என் மனத்தின் நில அதிர்வுமானி" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். ஸப்ரியானுக்குப் புரையேறியது. கடைசியில் அந்தச் சொல் வந்தது. முனகினேன்.

"சரியா கேக்கலை" என்றாள்.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"லைன் கரகரங்குது. இன்னொரு தடவை?"

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். நடைபாதையில் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. நூலகர் கெர்கினா அம்மாள் தலையை நீட்டினார்.

"அந்தப் பொண்ணுக்குக் கேட்டுச்சோ இல்லையோ, மூணாவது மாடிக்குக் கேட்டுச்சு தம்பி."



"முதல் தடவையே கேட்டுச்சு" என்றாள் நெவெனா. பிறகு, "சனிக்கிழமை வர்றீங்களா?"

ரயிலில் எட்டு மணி நேரம், சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். வார்னா நிலையத்தில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸோடு நின்றவளைக் கண்டதும் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு அன்றைக்கும் வேலை இருந்தது. என்னைத் துறைமுகப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய், அளவுகோலைக் கையில் கொடுத்து, "ஆடாம நில்லுங்க, அது போதும்" என்றாள். ஓர் அலை வந்தது. ஆடினேன். இடுப்பு வரை நனைந்தேன்.

ஈரக் கால்சட்டையோடு, கடற்கரைக் கடையில் பொரித்த பொடிமீன் தின்றோம். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எலுமிச்சையைப் பிழிந்தாள். பாதி என் கண்ணில் தெறித்தது. நான் அழுகிறேன் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். எலுமிச்சை என்று நான் சொல்லவில்லை.