அண்ணியின் வாரத்துக்கு மூன்று தரகர்கள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு, "கிளம்பு, மூணு புரோக்கரப் பாக்கணும்" என்றாள். அண்ணன் எங்கே என்று கேட்டேன். இதெல்லாம் வீண் வேலை என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டாராம். என்னை எதற்குக் கூப்பிடுகிறாள் என்றால், காகிதத்தைப் படிக்க ஒரு ஆள் வேண்டும், நான்தான் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கிறேனே.

என்ன வாங்கப்போகிறாள் என்பது பஸ்ஸில்தான் தெரிந்தது. ஒரு வாரம்.

ஏரிக்கரையில் இருக்கும் பெரிய விடுதியில் ஒவ்வோர் அறையையும் வாரம் வாரமாகப் பிரித்து விற்றிருக்கிறார்கள். ஒரு வாரத்தை வாங்கியவருக்கு ஆண்டுதோறும் அந்த வாரம் அந்த அறை சொந்தம். டைம்ஷேர் என்பார்கள். வாங்கியவர்களில் சிலர் வயதாகியும் சிலர் அலுத்துப்போயும் தங்கள் வாரத்தை மறுபடி விற்பார்கள். அதை முடித்துக் கொடுக்கத் தரகர்கள் உண்டு. அந்த விடுதியின் துணிப்பிரிவில்தான் அண்ணி இருபத்துநான்கு வருஷம் வேலை பார்த்தாள். போன வருஷம் ஓய்வு பெற்றாள்.

(நாத்தனார் எழுதும் கதையாயிற்றே என்று சந்தேகத்தோடு படிப்பவர்கள் அப்படியே படிக்கலாம். நான் அவளைப் புகழத்தான் போகிறேன். முப்பது வருஷமாக அவளைப் பற்றி நான் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை; பாக்கியெல்லாம் சேர்த்து இங்கே வரும்.)

2

ஆரம்பம் சரியாக வரவில்லை. எழுதிப் பார்த்தவை:

"ஏரியின் மேல் பனி விலகிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பொழுதில் அவள் —"

பனியாவது ஒன்றாவது. பஸ்ஸில் நிற்க இடமில்லை, ஒருவர் குடை என் விலாவில் குத்திக்கொண்டே வந்தது.

"இருபத்துநான்கு வருஷம் சோப்பு நுரையில் ஊறிய அந்தக் கைகள் —"

இதை அண்ணியே அடித்தாள். நான் எழுதுவதை அவள் படிப்பாள் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். "நான் எங்க சோப்பத் தொட்டேன்? மெஷின் தொவைச்சுது. பதினோரு பேர நான் வேலை வாங்கினேன். அத எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன்.

3

எதற்காக அவளுக்கு இந்த வாரம்? அண்ணன் கேட்ட கேள்வியும் இதுதான். "அங்கதான் தெனம் போயிட்டு வந்தியே, போதாதா?" அண்ணி, அவருக்குப் புரியாது என்று விட்டுவிட்டாள். பஸ்ஸில் என்னிடம் சொன்னாள். பின்பக்கத்து இரும்புக் கேட்டைத் தாண்டி, குப்பை வண்டி நிற்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போய் வேலைக்கு நுழைவார்களாம். ஏரியைப் பார்க்கும் முன்வாசலை அவள் ஒருநாளும் மிதித்ததில்லை. பெட்டியோடு அந்த வாசலில் இறங்கி, தன் பேரைச் சொல்லி, சாவியை வாங்க வேண்டும்.

அவளுக்கு ஒரு பயமும் இருந்தது. ஒரு தடவை துணிப்பிரிவின் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியது. யாரோ ஒரு தரகர் மூலம் வாரம் வாங்கியவர்கள். வரவேற்பு மேசையில் அவர்கள் பேர் இல்லை. விற்றவனுக்கே அந்த வாரம் சொந்தமில்லையாம். பொழுது சாயும்வரை புல்தரையில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாளாம்.

"பணம் போனா போகட்டும். எனக்குத் தெரிஞ்சவங்க முன்னாடி, அந்த மேசையில, உங்க பேரு இல்லம்மான்னு சொல்லிட்டா?" என்றாள் அண்ணி.

ஆகவே தரகரைத் தேர்ந்தெடுப்பதில் கண்ணும் கருத்துமாக இருந்தாள். இரண்டு முடிவுகள் எடுத்திருந்தாள். ஒன்று, அங்கே வேலை பார்த்ததை மூச்சுக்கூட விடுவதில்லை. விட்டால், வேலைக்காரிக்கு இது போதும் என்று யாரும் வாங்காத அறையைத் தலையில் கட்டிவிடுவார்கள். இன்னொன்று, எல்லோரிடமும் ஒரே கேள்வி: மேற்குப்பக்கம், கீழ்த்தளத்து அறைகள் எப்படி?

அந்த அறைகளின் குளியலறைச் சுவருக்குள் ஒரு குழாய் ஓயாமல் கசிகிறது. அங்கிருந்து வரும் துண்டுகளில், யாரும் தொடாத துண்டுகளில்கூட, பூஞ்சை வாடை இருக்கும். கிழக்கே இரண்டாம் மாடித் துண்டுகளோ மொறமொறவென்று வரும். எந்த அறைக்கு வெயில் வரும், எந்த அறையில் காற்று நிற்கும் என்பதெல்லாம் அவளுக்குத் துணியைத் தொட்டே தெரியும்.

4

முதல் தரகர் கோட்டுப் போட்டிருந்தார். கண்ணாடி மேசை. தண்ணீர் கேட்காமலே வந்தது. அந்த விடுதியில் தானே குடும்பத்தோடு தங்கியிருப்பதாகச் சொன்னார். எங்கே என்று அண்ணி கேட்டாள். மேற்குப்பக்கம், கீழ்த்தளம், என்ன ஒரு காற்று, துணி காயப்போட்டால் அரைமணி நேரம் என்று அளந்தார். அண்ணி என் காலை மிதித்தாள். இன்றைக்கே பதிவுக் கட்டணம் கட்டினால்தான் இந்த விலை என்று அவர் ஆரம்பிக்கும்போது நாங்கள் படியில் இருந்தோம்.

(முன்பணம் கேட்கும் தரகரிடம் போகாதீர்கள். வேலை முடிந்தபின் வாங்கிக்கொள்பவரே தரகர். கதையின் நடுவே இப்படி அறிவுரை சொல்லக்கூடாது என்பார்கள். உங்களுக்கு உதவுமே என்று சொன்னேன்.)

இரண்டாமவர் நெற்றியை ஒற்றிக்கொண்டே பேசுவார், அதனால் கைக்குட்டைக்காரர். கேள்வியைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "மேற்குப்பக்கம் வேணாம் மேடம். சுவத்துக்குள்ள கசிவு. யாரும் சொல்லமாட்டாங்க, நான் சொல்றேன்" என்றார். அண்ணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கிழக்கே எந்த அறைக்குக் காலை வெயில், லிஃப்ட் எந்த மாடியில் இரைச்சல் போடும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இருவரும் பேசியதைப் பார்த்தால் ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி இருந்தது. இருநூற்றுப் பதினாலாம் அறையில், மழை பிடிப்பதற்கு முன் வரும் நல்ல வாரம் ஒன்று கையில் இருப்பதாகச் சொன்னார். அண்ணி மனதில் வைத்திருந்ததும் அதே அறைதான்.

மூன்றாமவர் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தார். ஒரு நாற்காலி ஆடியது. ஆடாததை அண்ணிக்குக் கொடுத்தார். கேள்விக்கு, "நான் அந்த விடுதிக்குப் போனதே இல்லீங்க. ரூம் நல்லாருக்கான்னு நீங்கதான் பாக்கணும். அது விக்கிறவரோடதுதானான்னு நான் பாப்பேன்" என்றார். அண்ணி முதல் வாக்கியத்தோடு காதை மூடிக்கொண்டாள். "ஒண்ணும் தெரியாத ஆளு" என்று இறங்கும்போதே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

அவளுடைய தப்பு இதுதான். அதை மறைக்காமல் எழுதச் சொன்னவளும் அவளே. தனக்குத் தெரிந்தது யாருக்குத் தெரிகிறது என்று பார்த்தாள். தனக்குத் தெரியாதது யாருக்குத் தெரியும் என்று பார்க்கவில்லை. துணியில் இவ்வளவு கெட்டிக்காரியாக இல்லாத ஒருத்தி இப்படி ஏமாந்திருக்க மாட்டாள்.

5

அடுத்த வாரம் கைக்குட்டைக்காரரின் அறையில் கையெழுத்து. விடுதியிடமிருந்து உரிமைக் கடிதம் ஏதாவது வேண்டாமா என்று நான் ஒப்புக்குக் கேட்டேன். "எனக்குத் தெரியாத ரூமா மேடம்?" என்று சிரித்தார். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மேலே கட்டத்துக்குள் எழுதியிருந்தது: 214 / 41. அறை எண், வாரத்தின் எண்.

அண்ணியின் பேனா நின்றது.

துணிப் பையில் கட்டும் சீட்டிலும் இப்படித்தான் எழுதுவார்களாம், அறையும் வாரமும் சேர்த்து. அந்த விடுதியில் ஒவ்வோர் அறையையும் வருஷத்தில் ஒரு வாரம் பூட்டிவிடுவார்கள். திரைச்சீலை, மெத்தை உறை, தரைவிரிப்பு எல்லாவற்றையும் கழற்றித் துணிப்பிரிவுக்கு அனுப்புவார்கள். அந்த வாரத்தை யாருக்கும் விற்றதில்லை, விற்கவும் முடியாது. இருநூற்றுப் பதினாலுக்கு அது நாற்பத்தொன்றாம் வாரம். அந்தச் சீட்டு கட்டிய திரைகளை அவள் வருஷம் தவறாமல் கையில் வாங்கியிருக்கிறாள்.

"இந்த வாரத்துல அந்த ரூம்ல ஆளுங்க தங்குவாங்களா?" என்று கேட்டாள்.

"வருஷா வருஷம் ஃபுல் மேடம்."

6

இங்கே நான் ஒரு வசனம் எழுதியிருந்தேன். அண்ணி எழுந்து நிற்கிறாள். நாற்காலி பின்னால் சாய்கிறது. "நான் யார்னு தெரியுமா? அந்த விடுதியோட ஒவ்வொரு நூலும் என் கையில —" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். கைக்குட்டைக்காரரின் மூக்கு உடைகிறது. எழுதும்போது எனக்கே புல்லரித்தது.

அண்ணி படித்துவிட்டுக் குறுக்கே ஒரே கோடு போட்டாள்.

"நான் இப்படியா பேசினேன்?"

இல்லை. பேனாவை மூடினாள். காகிதத்தின் மேல் நேராக வைத்தாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த மனிதர் தெரிந்தே செய்தாரா, யாராவது அவரையே ஏமாற்றினார்களா என்பதும் எனக்குத் தெரியாது.

பஸ் நிறுத்தத்தில் விஷயத்தைக் கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. எந்த வக்கீலுக்கு இது தெரிந்திருக்கும்? கூடவே கோபமும் வந்தது. ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன்.

"சொன்னா, ஓ, அங்க துணி தொவைச்சவங்களான்னு கேப்பான். அத அவன் வாயால நான் எதுக்குக் கேக்கணும்?" என்றாள்.

என் சண்டை அதோடு முடிந்தது. (இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். ஆனால் அவள் தப்பை எழுதிவிட்டு என் தப்பை விடுவது நியாயமில்லை. அண்ணி எங்கே வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "பெரிய ஹோட்டல்ல" என்று சொல்லிப் பேச்சை மாற்றியே வந்திருக்கிறேன். இருபத்துநான்கு வருஷம். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.)

7

ஜெராக்ஸ் கடை மாடிக்கு மறுபடி ஏறினோம். முதல் தடவை காதில் வாங்காததை அண்ணி இப்போது உட்கார்ந்து கேட்டாள். விற்பவர் பேரில் அந்த வாரம் இருக்கிறது என்று விடுதியே எழுதித் தர வேண்டும். பராமரிப்புக் கட்டணம் பாக்கியில்லை என்றும் அதில் இருக்க வேண்டும். அது வராமல் ஒரு கையெழுத்தும் கூடாது. தன் தரகு விற்பவரிடமிருந்து, எல்லாம் முடிந்த பிறகு. இருநூற்றுப் பதினாலில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டதற்கு, "தெரியாது, விசாரிக்கிறேன்" என்றார். இந்தத் தடவை அந்தத் "தெரியாது" அண்ணிக்குப் பிடித்திருந்தது.

எனக்கும்தான். எழுதுகிறவளும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழக வேண்டும். அதற்குச் சந்தர்ப்பம் பக்கத்திலேயே வருகிறது.

அந்த அறை கிடைக்கவில்லை. அதே மாடியில் இரண்டு கதவு தள்ளி ஒன்று கிடைத்தது, பத்தொன்பதாம் வாரம். ஐந்து வாரம் கழித்து உரிமைக் கடிதம் வந்தது. கூடவே ஒரு படிவம்: புதிய உரிமையாளர் விவரம். இது விடுதி நிர்வாகத்துக்குப் போகும் என்றார் தரகர். முப்பது நாளுக்குள் அவர்கள் சம்மதிக்கலாம். இல்லையென்றால் அதே விலைக்கு அந்த வாரத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நான்தான் நிரப்பினேன். பேர். முகவரி. வயது. தொழில் என்ற இடத்தில் "ஓய்வு பெற்றவர்" என்று எழுதினேன்.

அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"எதுலேருந்து?"

தொழில் கட்டாயமில்லை, காலியாகவே விடலாம் என்றார் தரகர். நானும் அதையே சொன்னேன். முன்பு வேலைக்கு இருந்தவள் என்று தெரிந்தால் அந்த நிர்வாகத்தில் எவனாவது மூக்கைச் சுளித்து வாரத்தை எடுத்துக்கொண்டுவிட்டால் என்ன செய்வது? இவ்வளவு தூரம் வந்த பிறகு, வாயைக் கட்டிக்கொண்டால் என்ன? என்றைக்கும் சொல்லாதவள் இன்றைக்குத்தானா சொல்ல வேண்டும்?

அவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். நான் எழுதியதை அடித்தாள். இடம் போதாமல் கோட்டுக்குக் கீழே இறங்கி, பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள்: "துணிப்பிரிவு மேற்பார்வையாளர். இதே விடுதி. 24 வருஷம்."

தரகர் படித்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு, "அடிச்சுத் திருத்தினா பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடணும்மா" என்றார்.

போட்டாள்.

8

முப்பது நாளில் இன்று பதினேழாவது நாள். பதில் வரவில்லை.

நான் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கடிதம் வருகிறது, அண்ணி ஏரியைப் பார்த்த வாசலில் இறங்குகிறாள், அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறார். இன்னொன்றில் நிர்வாகம் எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் அண்ணி படித்தாள், இரண்டையும் கிழித்தாள். "அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீ யாரு சொல்றதுக்கு?" என்றாள்.

ஆகவே எனக்குத் தெரியாது. விரும்பினால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சம்மதிக்கட்டும், மறுக்கட்டும், எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அறையை மாற்றுங்கள், வாரத்தை மாற்றுங்கள், என்னைக்கூடக் கொஞ்சம் நல்லவளாக்குங்கள். தொழில் என்ற இடத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம். அதில் அவள் கையெழுத்து இருக்கிறது.