முதுகு கிழிக்காத சட்டை

கதவைத் தட்டிய சிறைக் காவலர் உள்ளே வரவில்லை. தையல்காரியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"மதியத்துக்குள்ள உங்க வீட்டுக்காரரோட சொந்தச் சட்டை, பேண்ட் கொண்டாந்து கேட்ல கொடுத்துடுங்க."

"எதுக்குங்க?"

"சொல்லிட்டு வரச் சொன்னாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப் சுருக்குக் கயிறாக இறுகுவது போலிருந்தது அவளுக்கு. சிறையிலிருந்து சொந்த உடுப்புக் கேட்டு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கைதி உடையில் பிணத்தை வெளியே அனுப்ப மாட்டார்கள். போன வாரம் அதே சிறையில் இருந்த பெயிண்டர் வீட்டில் இப்படித்தான் கேட்டார்கள். சாயங்காலமே சாம்பல் நிற வேனில் அவர் பிணமாக வந்து சேர்ந்தார்.

மில் வேலைநிறுத்தத்தில் பேசினான் என்று அவள் கணவனை அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். விசாரணையும் இல்லை, விடுதலைத் தேதியும் இல்லை.

கணவனின் அக்காவான நாத்தனார் பீரோவிலிருந்து நீலச் சட்டையை எடுத்துக் கத்தரிக்கோலோடு நீட்டினாள். "முதுகை நீயே கிழிச்சுடு. அங்கே கண்டபடி கிழிச்சு வைப்பாங்க."

விறைத்த கையில் சட்டை ஏறாது. முதுகை நெடுக வெட்டி, முன்பக்கமாகப் போர்த்திவிடுவார்கள். பெயிண்டரின் சட்டையை வெட்டிக் கொடுத்ததே தையல்காரிதான்.

காலரில் கத்தரியை வைத்தாள். வெட்டாமலே எடுத்துக் கீழே வைத்தாள்.

"அக்கா, பாபிலோன் ஜெயில்ல கிடந்தாரே அந்த யூத ராஜா, அவருக்குக் கடைசியில என்ன ஆச்சு?"

"கண்ணைப் பிடுங்கி, விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போனாங்களே, அவரா?"

"அவர் இல்ல. அவருக்கு முன்னாடி போனவர். முப்பத்தேழு வருஷம் உள்ளே இருந்தவர்."

நாத்தனாரும் சர்ச்சுக்குப் போகிறவள்தான், தெரியாதா என்ன? பாபிலோனுக்குப் புது அரசன் வந்தான், அந்தக் கைதி ராஜாவுக்கு இரங்கினான், சிறை உடுப்பை மாற்றித் தன் பந்தியில் உட்காரவைத்தான். 'ஊரு எரிஞ்சு, ஆலயம் இடிஞ்சு, ஜனமெல்லாம் அடிமையாப் போச்சு. ராஜாக்கள் புத்தகத்தை மூடப்போற நேரத்துல ஆண்டவர் ஒரு சட்டையை மாத்துறார் பாரேன்' என்று கணவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

"இங்கேயும் புது ஜெயில் சூப்பிரண்டு வந்திருக்காராமே, அக்கா."

"அவர் வந்த மறுநாள்தான் பெயிண்டர் போனார். ரெண்டு ராஜாவும் ஒரே பாபிலோனுக்குத்தான் போனாங்க. உன் புருஷன் எந்த ராஜான்னு உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா கிழிச்சா, நானே அவரை முடிச்ச மாதிரி."

மெஷினில் உட்கார்ந்தாள். ஜெயில் சோறு தின்ற உடம்பு, தோள் இறங்கியிருக்கும். சட்டையின் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். காலர் பட்டனை நகர்த்தி வைத்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? பொணத்துக்கு யாராவது அளவு பார்ப்பாங்களா?"

மெஷின் இன்னும் வேகமாக ஓடியது.

சிறை வாசலில் அதே காவலர் சட்டையைத் திருப்பிப் பார்த்தார். "முதுகு வெட்டலையா?"

"இல்லைங்க."

அவர் சட்டையையும் பேண்ட்டையும் மடித்துக்கொண்டு உள்ளே போனார். இரும்புக் கதவு சாத்திக்கொண்டது.

வெயில் சுவரேறியது. சாம்பல் நிற வேன் பின்னோக்கி வந்து பக்கவாட்டு வாசலில் நின்றது. பின்கதவைத் திறந்து வைத்தார்கள். நாத்தனார் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "அழுதுடு. அடக்காதே."

'முப்பத்தேழு வருஷம்னாலும் காத்திருக்கேன் ஆண்டவரே. இன்னைக்கு மட்டும் கைவிட்டுடாதீங்க.'

கதவிலிருந்த சின்ன ஜன்னல் படீரெனத் திறந்தது. காவலரின் வியர்த்த முகம்.

"சட்டையைத் தைச்சது யாரும்மா?"

"நான்தாங்க."

"சட்டை கச்சிதமா நிக்குது. பேண்ட்டை ஏன் அப்படியே விட்டீங்க? ஒரு கையால இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நான் எப்படிய்யா வீட்டுக்கு நடந்து போறதுன்னு உங்க வீட்டுக்காரர் அங்கே ஒரே சத்தம். பெல்ட் இருந்தா கொடுங்க."

நாத்தனார் அவள் மணிக்கட்டை விட்டுவிட்டுக் கைகூப்பினாள்.

வேன் இன்னும் திறந்தபடியே நின்றது. வேறு யாருக்கோ.

பெல்ட்டுக்கு எங்கே போவாள்? தையல்காரி கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பை உருவி, ஜன்னல் வழியாக நீட்டினாள்.