பத்து நொடிக்கு ஒரு முறை

அலுவலகத்தில் அவளை எல்லோரும் எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பிழை எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் விடாமல் ஊர்ந்துபோய்க் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். வீடு வீடாக நர்ஸ்களை அனுப்பும் நிறுவனம் அது. அவர்களுடைய ஃபோனில் ஓடும் ஆப்பை எழுதியவள் அவள்தான்.

ஆரம்பத்தில் அந்த ஆப், நர்ஸ் இருக்கும் இடத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் பார்த்து அனுப்பும். மேலாளருக்கு அது போதவில்லை. அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. அதில் ஒவ்வொரு நர்ஸும் ஒரு பச்சைப் புள்ளி. வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் பார்க்க வரும்போது புள்ளிகள் தவளை மாதிரி தாவுவது அவருக்கு மானப் பிரச்சினையாக இருந்தது.

"பத்து செகண்டுக்கு ஒரு தடவை அனுப்பட்டும். அப்பத்தான் வழுக்கிட்டு போகும்."

"பேட்டரி தாங்காது சார்."

"ஃபோன்னு இருந்தா சார்ஜ் போட வேண்டியதுதானே?"

சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று அவளும் கைகழுவிக்கொண்டாள். எண்ணை மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவள் சோதித்துப் பார்க்கிற ஃபோன் எப்போதும் மேசையில் சார்ஜர் ஒயரோடுதான் கிடக்கும். அதனால் அது ஒருநாளும் அணைந்ததில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு மதியம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார் ஒரு நர்ஸ். பேசிக்கொண்டே இருந்த மனிதரின் வாய் ஒரு பக்கம் கோணியது. அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தார். பக்கவாதம் என்று நர்ஸுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பையிலிருந்து ஃபோனை எடுத்தால் திரை இருட்டு. தபால்காரரின் மனைவிக்கு ஃபோன் கிடையாது. மகன் வேலைக்குப் போயிருந்தான். மாடி மாடியாகக் கதவைத் தட்டிப் பார்த்தார், எல்லா வீட்டிலும் பூட்டு. நாலு மாடி இறங்கித் தெருமுனை மருந்துக் கடைவரை ஓடி, அங்கிருந்துதான் பேச முடிந்தது. அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. உயிர் பிழைத்தார். பேச்சும் வலது கையும் போய்விட்டன.

மூன்று வாரம் கழித்து மேலாளரிடமிருந்து எறும்புக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'தினமும் காலையில் சார்ஜ் போடச் சொல்லி ஆப்பில் ஒரு நினைவூட்டல் வை' என்று இரண்டே வரி. கூடவே நர்ஸ் எழுதிக் கொடுத்திருந்த கடிதம்: 'என் கவனக்குறைவால் ஃபோனில் சார்ஜ் போடாமல் பணிக்குச் சென்றுவிட்டேன். இனி இவ்வாறு நடக்காது.' கீழே கையெழுத்து.

நர்ஸின் ஃபோன் அன்று அனுப்பியிருந்த பதிவை அவள் திறந்து பார்த்தாள். காலை ஏழு மணிக்கு நூறு சதவீதம். மதியம் இரண்டேகாலுக்கு ஒரு சதவீதம். அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

மறுநாள் அந்த நர்ஸோடு அவளும் வீடு வீடாகப் போனாள். ஆப்பைச் சரிபார்க்க வந்ததாக மட்டும் சொல்லியிருந்தாள். பத்து மணிக்கு ஃபோனைக் கையில் வாங்கினால், அடுப்பிலிருந்து இறக்கினது போலக் கொதித்தது. நண்பகலில் சார்ஜ் முப்பத்தொன்பது சதவீதம்தான்.

"போற வீட்டுல கொஞ்ச நேரம் சார்ஜ் போடலாமேக்கா?"

"ஐயோ, நோயாளி வீட்டு கரண்டைத் தொட்டா அன்னைக்கே புகார் போயிடும். என் ஃபோனும் பழசும்மா. நான்தான் பாத்து வச்சிக்கணும்."

"ஃபோன் மேல தப்பில்லக்கா. ஆப்தான் பேட்டரிய குடிக்குது. எழுதினது நான்."

நர்ஸ் நடையை நிறுத்தவில்லை. தெருவைக் கடந்து மறுபக்கம் வந்ததும்தான் கேட்டார்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். விட்டுட்டேன்."

"அன்னைக்கு காலைல நான் சார்ஜ் போட்டிருந்தேனா?"

"நூறு இருந்துச்சுக்கா. அப்புறம் ஏன் அப்படி எழுதிக் கொடுத்தீங்க?"

"எழுதலன்னா வேலை போயிடும்னாங்க. எழுதிக் கொடுத்ததுலேர்ந்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. போட்டேனா, போடலையான்னு தூக்கமே இல்ல." அவர் குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, நாலு மாடி ஏறிப்போய் அடுத்த நோயாளி வீட்டுக் கதவைத் தட்டினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த தபால்காரர் வீடு அது. இந்த நர்ஸ்தான் வர வேண்டும் என்று அவர் மனைவி பிடிவாதமாகக் கேட்டிருந்தாராம். தபால்காரர் இவர்களைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. மனைவி எறும்புக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைக் குடிக்காமல் ஓரமாக வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் ஆப்பை மாற்றி எழுதினாள். வீட்டு வாசலில் ஒரு முறை, கிளம்பும்போது ஒரு முறை மட்டும் இடத்தைப் பார்த்தால் போதும். மற்றதெல்லாம் சேர்த்து வைத்து ஒரே தடவையில் அனுப்பட்டும். சார்ஜ் இருபதுக்குக் கீழே போனால் ஆப் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். மிச்சம் இருப்பது பேசுவதற்கு மட்டும்.

இன்னொரு ஃபோன் அணைந்தால் தனக்கும் வம்பு என்று மேலாளர் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. நர்ஸின் கடிதம் பொய், நடந்ததை நிர்வாகிகளுக்கு எழுதப்போகிறேன் என்று அவள் சொன்னபோதுதான் முகம் மாறியது.

"முடிஞ்ச விஷயத்தை ஏன் கிளறுற?"

"அந்த அக்காவுக்கு இன்னும் முடியல சார்."

"உன் பேரைப் போட்டு எழுதினா உன் தலையிலதான் விடியும்."

"விடியட்டும் சார்."

பதிவுகளோடு நடந்ததை நாலு பக்கத்தில் எழுதினாள். மேலாளர் கேட்டதையும் தான் மாற்றியதையும் ஒன்றுவிடாமல் எழுதி, நிர்வாகிகளுக்கு அனுப்பினாள். தபால்காரர் மகனுக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். அவன் ஃபோனில் கூப்பிட்டான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள்.

"எதுக்கு பத்து செகண்டுக்கு ஒரு தடவை?" என்று மட்டும் கேட்டான்.

"சுவத்துல இருக்கிற திரையில புள்ளி நிக்காம நகரணும்னு."

அவன் இணைப்பைத் துண்டித்தான். அவன் அதன்பின் கூப்பிடவே இல்லை.

நர்ஸின் கடிதம் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது. மேலாளருக்கு வேறு கிளைக்கு மாற்றம். எறும்புக்கு வர வேண்டியிருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது.

இதையெல்லாம் நர்ஸிடம் சொன்னபோது அவர் நன்றி என்றோ, மன்னித்தேன் என்றோ ஒரு வார்த்தை பேசவில்லை. "என் பொண்ணு ஒரு நாள் கேட்டா," என்றார். "உன்னாலதான் அந்தத் தாத்தாவுக்கு இப்படி ஆச்சாம்மான்னு. நான் என்ன சொன்னாலும் சமாதானத்துக்குச் சொல்றேன்னு நினைக்கிறா. ஞாயித்துக்கிழமை வந்து நீயே சொல்லு."

எறும்பு போனாள். பன்னிரண்டு வயதுப் பெண் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் உள்ளே போய்விட்டார். "உங்கம்மா அன்னைக்கு சார்ஜ் போட்டுட்டுத்தான் போனாங்க," என்று தொடங்கி, எறும்பு ஒன்றையும் மறைக்காமல் கடைசிவரை சொன்னாள்.